மே 11-க்குப் பிறகு சின்ன கிளினிக்குகள் என்ன செய்யப் போகிறீர்கள்?

தேன்மொழி (நியூஜெர்சி) – 12 ஏப்ரல் 2023

எல்லோருக்கும் வணக்கம். மத்திய நியூஜெர்சியில் இரண்டு டாக்டர்கள் நடத்தும் ஒரு குடும்ப மருத்துவ கிளினிக்கில் நான் ஆஃபீஸ் மேனேஜர். கோவிட் தேசிய அவசரநிலையை முடித்து அமெரிக்க அதிபர் பைடன் திங்கட்கிழமை கையெழுத்துப் போட்ட செய்தி வந்ததிலிருந்து எங்கள் ஃபோன் ஓயவில்லை. "கோவிட் எமர்ஜென்சி முடிஞ்சிடுச்சாமே, இனி வீடியோவில் டாக்டரைப் பார்க்க முடியாதா?", "டெஸ்ட்டுக்குக் காசு கட்டணுமா?" என்று ஆளாளுக்குக் கேட்கிறார்கள். ஃப்ரண்ட் டெஸ்க்கில் இருப்பவர்கள் பதிலுக்கு என்னைத் திரும்பிப் பார்க்கிறார்கள்.

எனக்குத் தெரிந்தவரை, திங்களன்று முடிந்தது 2020 மார்ச்சில் அறிவித்த தேசிய அவசரநிலை. கிளினிக் வேலையை நேரடியாகத் தொடுவது வேறொன்று. மத்திய சுகாதாரத் துறை 2020 ஜனவரி 31 அன்று அறிவித்து, 90 நாளுக்கு ஒருமுறை நீட்டித்துக்கொண்டே வந்த பொதுச் சுகாதார அவசரநிலை அது. அதற்குத்தான் மே 11 கடைசி நாள். இந்த இரண்டையும் போட்டுக் குழப்பிக்கொள்ளாமல் நோயாளிகளிடம் சொல்வதே இந்த வாரம் பெரிய வேலையாக இருக்கிறது.

என் கவலைகளைச் சொல்கிறேன். எங்களிடம் வருபவர்களில் பாதிக்கு மேல் மெடிகேர் (முதியோருக்கான மத்திய அரசு இன்ஷூரன்ஸ்) வயதினர். முட்டி வலி, கண் பார்வைக் குறைவு, காரோட்ட முடியாத நிலை என்று பலருக்கும் ஏதாவது ஒன்று. மூன்று வருடமாக வீடியோவிலும், அது சரிப்படாதவர்களுக்கு வெறும் ஃபோனிலும் டாக்டர் பார்க்கிறார். இது மே 12 அன்று நின்றுவிடுமா? 2020-ல் பெரிய டாக்டர் ஒரு முடிவெடுத்தார், வயதானவர்களிடம் டெலிஹெல்த் (வீடியோ, ஃபோன் வழி) விசிட்டுக்கு இன்ஷூரன்ஸ் போக அவர்கள் கட்ட வேண்டிய பங்குப் பணத்தை வாங்க வேண்டாம் என்று. அதைத் தொடரலாமா? சிலர் ஃபேஸ்டைமில்தான் வருகிறார்கள், வேறு செயலி அவர்களுக்குத் தெரியாது. குளிர்காலத்தில் ஃப்ளோரிடா போய்விடுகிறவர்கள் அங்கிருந்து கூப்பிடுகிறார்கள். வீட்டுக்கு ரத்த அழுத்தக் கருவி கொடுத்து அளவுகளைத் தொலைவிலிருந்து கவனிக்கிறோம், அதன் விதிகளும் மாறுகின்றன என்கிறார்கள்.

உங்கள் கிளினிக்கில் எப்படித் தயாராகிறீர்கள்? சங்கங்கள் அனுப்பும் பெரிய அறிக்கைகள் என்னிடம் நிறைய இருக்கின்றன. எனக்கு வேண்டியது தினமும் இந்த வேலையில் இருப்பவர்கள் சொல்வது.

கோடிங்_குமரன் (சென்னை) – 12 ஏப்ரல் 2023

தேன்மொழி அக்கா, நான் சென்னையில் ஒரு மெடிக்கல் பில்லிங் கம்பெனியில் டினையல்ஸ் (இன்ஷூரன்ஸ் நிராகரித்த பில்கள்) டீமில் இருக்கிறேன். எங்கள் க்ளையண்ட்டுகள் நியூஜெர்சி, பென்சில்வேனியா பக்கம்தான். அவசரநிலை மே 11-ல் முடியும் என்று ஜனவரி 30 அன்று அறிவிப்பு வந்த நாளிலிருந்து எங்கள் டீமுக்கு இதே பேச்சுதான்.

முதலில் உங்கள் டாக்டரிடம் சொல்ல வேண்டியது, எல்லாமே மே 11 அன்று முடியவில்லை என்பது. சுவரில் ஒரு காலண்டரை மாட்டி மூன்று தேதிகளை வட்டமிடுங்கள்: 2023 மே 11, 2023 டிசம்பர் 31, 2024 டிசம்பர் 31. ஒவ்வொரு சலுகையும் இந்த மூன்றில் ஏதோ ஒன்றில் போய் நிற்கிறது. எல்லாவற்றையும் ஒரே தேதியில் வைத்துப் பார்த்தால், நிறுத்த வேண்டாததை நிறுத்திவிடுவோம், நிறுத்த வேண்டியது தொடர்ந்து ஓடிக்கொண்டிருக்கும்.

உங்கள் பெரிய கவலைக்கு நல்ல பதில் இருக்கிறது. போன டிசம்பர் 29 அன்று கையெழுத்தான பட்ஜெட் சட்டத்தில், மெடிகேர் நோயாளி வீட்டில் இருந்தபடியே டெலிஹெல்த்தில் டாக்டரைப் பார்க்கும் வசதியை 2024 கடைசி வரை நீட்டித்துவிட்டார்கள். நோயாளி இருப்பது நகரமா கிராமமா என்ற பழைய கேள்வியும் அதுவரை கிடையாது. ஃபோனில் மட்டும் பேசும் 99441 முதல் 99443 வரையிலான பில்லிங் கோடுகளும் தொடரும். அதனால் காரோட்ட முடியாத பாட்டிகளிடம் தைரியமாகச் சொல்லுங்கள், எதுவும் நிற்கவில்லை என்று. க்ளெய்ம் (இன்ஷூரன்ஸுக்கு அனுப்பும் பில்) போடும் முறையும் இந்த வருடக் கடைசி வரை இப்போது போலத்தான். நேரில் வந்திருந்தால் எந்தப் பிளேஸ் ஆஃப் சர்வீஸ் (பார்த்த இடத்துக்கான எண்) போடுவீர்களோ அதையே போட்டு, டெலிஹெல்த் என்று காட்ட 95 மாடிஃபையர் (கோடோடு சேர்க்கும் குறி) சேர்க்க வேண்டும். டாக்டர் வேறு அறையிலிருந்து வீடியோ வழியாக மேற்பார்வை செய்யும் சலுகையும் இந்த டிசம்பர் 31 வரை உண்டு.

மே 11-உடன் முடிகிறவற்றில்தான் கவனம் வேண்டும். கோவிட் டெஸ்ட் எடுக்கச் சொன்ன விசிட்டுக்கு சிஎஸ் மாடிஃபையர் போட்டு நோயாளி பங்கு இல்லாமல் அனுப்பினோமே, அது அன்றோடு சரி. மெடிகேரில் டாக்டர் எழுதிக்கொடுத்த லேப் டெஸ்ட்டுக்கு நோயாளி இனியும் பணம் கட்ட வேண்டாம், ஆனால் அந்த விசிட்டுக்குக் கட்ட வேண்டும். இந்த வித்தியாசத்தை ஃப்ரண்ட் டெஸ்க் இப்போதே நோயாளிகளிடம் விளக்காவிட்டால், ஜூன், ஜூலையில் ஸ்டேட்மென்ட் போகும்போது சண்டை வரும். மாதம் 8 வீட்டுச் சோதனைக் கிட் இலவசம் என்பதும் மெடிகேரில் முடிகிறது. தனியார் இன்ஷூரன்ஸ் கோவிட் டெஸ்ட்டைக் கட்டாயம் இலவசமாகத் தர வேண்டும் என்ற விதியும் போகிறது. இனி அவரவர் பிளான் வைத்ததே சட்டம். அப்புறம், ஸ்வாப் மட்டும் எடுத்துவிட்டு அனுப்பிய புது நோயாளிக்கும் 99211 (டாக்டர் பார்க்காத சின்ன விசிட்டுக்கான கோடு) போட முடிந்தது அல்லவா? மே 12 முதல் பழைய நோயாளிக்கு மட்டும்தான்.

ரத்த அழுத்தக் கருவி விஷயத்தில், 99454-க்கு (கருவியின் அளவுகளுக்கான கோடு) 30 நாளில் குறைந்தது 16 நாள் அளவுகள் வந்திருக்க வேண்டும். கோவிட் நோயாளிகளுக்கு 2 நாள் போதும் என்றிருந்த தளர்வு போகிறது. புது நோயாளிக்கு நேரடியாகக் கருவி கொடுத்து ஆரம்பிப்பதும் முடியாது, முதலில் ஒரு விசிட் வேண்டும். இந்த அவசரநிலைக் காலத்திலேயே ஆரம்பித்தவர்களைப் பழைய நோயாளியாகவே எடுத்துக்கொள்கிறார்கள், அவர்களைப் பற்றிக் கவலை வேண்டாம்.

பங்குப் பணம். இது கொஞ்சம் கடினமானது. டெலிஹெல்த்தில் மெடிகேர் பங்கைத் தள்ளுபடி செய்தால் நடவடிக்கை எடுக்க மாட்டோம் என்று சுகாதாரத் துறையின் இன்ஸ்பெக்டர் ஜெனரல் அலுவலகம் 2020-ல் சொன்னது அவசரநிலைக்கு மட்டும். மே 12 முதல் எல்லோருக்கும் பொதுவாகத் தள்ளுபடி செய்தால் அது ஆன்டி-கிக்பேக் சட்டத்தில் (நோயாளிகளை இழுக்கச் சலுகை கொடுப்பதைத் தடுக்கும் சட்டம்) மாட்டும். 2023-க்கான டிடக்டிபிள் (நோயாளி முதலில் தானே கட்டும் தொகை) 226 டாலர், அது தீர்ந்த பிறகு 20 சதவீதம். உண்மையிலேயே கட்ட முடியாதவர் என்றால், அவர் நிலைமையைக் கேட்டு, ஃபைலில் எழுதிவைத்து, அவருக்கு மட்டும் விட்டுக்கொடுக்கலாம். அதை விளம்பரம் செய்யக் கூடாது, வழக்கமாக்கவும் கூடாது. டாக்டர் மனசு சங்கடப்படும், தெரிகிறது. ஆனாலும் இந்த மாதமே நோயாளிகளுக்குக் கடிதம் போட்டுவிடுங்கள்.

தனியார் பேயர்கள் (இன்ஷூரன்ஸ் கம்பெனிகள்) விஷயத்தில் நான் சொன்ன டெலிஹெல்த் தேதிகள் எதுவும் செல்லாது. அந்தச் சட்டத்தின் டெலிஹெல்த் நீட்டிப்பு மெடிகேருக்குத்தான். நியூஜெர்சியில் டெலிஹெல்த்துக்கும் நேரில் பார்ப்பதற்கும் ஒரே கட்டணம் தர வேண்டும் என்ற மாநிலச் சட்டம் இப்போதைக்கு 2023 டிசம்பர் 31 வரை இருக்கிறது. மற்றபடி உங்களுக்கு அதிகம் க்ளெய்ம் போகும் பேயர்களின் பாலிசி பக்கங்களை ஒவ்வொன்றாகப் பார்த்து ஒரு ஷீட் தயார் செய்வதைத் தவிர வேறு வழியில்லை.

ராகவன் (ஹூஸ்டன்) – 12 ஏப்ரல் 2023

குமரன் தெளிவாகச் சொல்லிவிட்டார். விட்டுப்போன இரண்டு மூன்று விஷயங்களைச் சேர்க்கிறேன்.

ஃபேஸ்டைம்: நேற்றுதான் அறிவிப்பு வந்தது. ஹிப்பா (நோயாளி தகவல் ரகசியச் சட்டம்) விதிகளில் காட்டிய தளர்வும் மே 11 இரவோடு முடிகிறது. ஆனால் டெலிஹெல்த்துக்கு மட்டும் 90 நாள் அவகாசம் கொடுத்து ஆகஸ்ட் 9 வரை விட்டிருக்கிறார்கள். அதற்குள் பிசினஸ் அசோசியேட் ஒப்பந்தத்தில் (நோயாளி தகவலைக் காப்போம் என்ற ஒப்பந்தம்) கையெழுத்துப் போட்டுத் தரும் கம்பெனியின் செயலிக்கு மாறிவிட வேண்டும். உங்கள் ஈஎச்ஆரிலேயே (நோயாளி பதிவு மென்பொருள்) வீடியோ வசதி இருக்கிறதா என்று முதலில் பாருங்கள், பெரும்பாலும் இருக்கும். நோயாளிக்கு டெக்ஸ்ட்டில் ஒரு லிங்க் போய், அதைத் தொட்டால் திறக்கிற மாதிரி இருந்தால் வயதானவர்கள் சமாளித்துவிடுவார்கள்.

ஃப்ளோரிடா: மெடிகேர் கொடுத்த தளர்வு பணம் தருவதற்குத்தான். லைசென்ஸ் எப்போதுமே மாநிலத்தின் அதிகாரம். கால் செய்யும்போது நோயாளி எந்த மாநிலத்தில் உட்கார்ந்திருக்கிறாரோ அந்த மாநில அனுமதி வேண்டும். ஃப்ளோரிடாவில் வெளிமாநில டாக்டர்கள் டெலிஹெல்த்துக்கென்று தனியாகப் பதிவு செய்துகொள்ளலாம், உங்கள் டாக்டர் அதைச் செய்துவிடலாம். ஒவ்வொரு காலிலும் "இப்போது எங்கே இருக்கிறீர்கள்?" என்று கேட்டு நோட்டில் எழுதச் சொல்லுங்கள்.

அப்புறம், யாரும் நினைத்துப் பார்க்காத ஒன்று, வாடகை. நாங்கள் ஒரு மருத்துவமனைக்குச் சொந்தமான கட்டடத்தில் இருக்கிறோம். 2020-ல் கூட்டமே இல்லாதபோது அவர்கள் வாடகையைக் குறைத்தார்கள். நாம் நோயாளிகளை அனுப்பும் மருத்துவமனை நமக்குச் சந்தை விலைக்குக் கீழே இடம் கொடுத்தால் சாதாரணமாக அது ஸ்டார்க் சட்ட மீறல். கோவிட்டுக்காகக் கொடுத்த பொதுத் தளர்வால்தான் அது செல்லுபடியானது. மே 11-க்குப் பிறகு ஒரு நாள்கூட அவகாசம் இல்லை. வாடகை, கடன் வாங்கிய கருவிகள், இலவசமாக வந்து வேலை பார்த்த நர்ஸ், இப்படி மருத்துவமனையோடு 2020-க்குப் பிறகு ஏதாவது ஏற்பாடு செய்திருந்தால் இப்போதே வக்கீலிடம் காட்டிப் புது ஒப்பந்தம் போடுங்கள்.

உஷா_ஆர்என் (நியூஜெர்சி) – 13 ஏப்ரல் 2023

தேன்மொழி, நான் ஒரு குழந்தைகள் கிளினிக்கில் கேர் கோஆர்டினேட்டர். மேலே எழுதியவை எல்லாம் தேவையானவைதான். ஆனால் என்னைத் தூங்கவிடாத விஷயம் இந்த இழையில் இன்னும் வரவில்லை. மெடிகெய்ட் (வருமானம் குறைந்தவர்களுக்கான அரசு இன்ஷூரன்ஸ்) ரெனீவல்.

மே 11-க்கும் அதற்கும் இப்போது சம்பந்தமே இல்லை. 2020 மார்ச் சட்டத்தின்படி, மத்திய அரசு மாநிலங்களுக்குக் கூடுதலாக 6.2 சதவீதப் புள்ளி பணம் கொடுத்தது. பதிலுக்கு, மெடிகெய்ட்டில் இருக்கும் யாரையும் நீக்கக் கூடாது என்பது நிபந்தனை. குமரன் சொன்ன அதே டிசம்பர் சட்டம் இதை அவசரநிலையிலிருந்து பிரித்து, மார்ச் 31 என்று தனித் தேதி வைத்துவிட்டது. ஏப்ரல் 1 முதலே மாநிலங்கள் நீக்க ஆரம்பிக்கலாம். அரிசோனா, ஆர்கன்சா, ஐடஹோ, நியூ ஹாம்ப்ஷயர், தெற்கு டகோட்டா ஆகிய ஐந்தும் இந்த மாதமே ஆரம்பித்துவிட்டன. நம் மாநிலத்திலும் ஒவ்வொருவராக எல்லோருடைய ரெனீவலும் வரும்.

நாடு முழுக்க 9 கோடிப் பேருக்கு மேல் இப்போது மெடிகெய்ட்டிலும் சிப்பிலும் (குழந்தைகளுக்கான அரசு இன்ஷூரன்ஸ்) இருக்கிறார்கள். சுமார் 1.5 கோடிப் பேர் வெளியே போவார்கள் என்று சுகாதாரத் துறையே கணக்குப் போட்டது. அதில் என் வயிற்றைப் பிசைவது, ஏறக்குறைய 68 லட்சம் பேர் தகுதி இருந்தும் போவார்கள் என்ற பகுதி. வருமானம் ஏறியதால் இல்லை. கடிதம் பழைய முகவரிக்குப் போனதால், பாரத்தைத் திருப்பி அனுப்பாததால், ஆங்கிலத்தில் வந்ததைப் படிக்க முடியாததால். 2020-க்குப் பிறகு சேர்ந்த குடும்பங்களுக்கு ரெனீவல் என்றால் என்னவென்றே தெரியாது, ஏனென்றால் ஒருமுறைகூட செய்ததில்லை. எங்களிடம் வரும் அம்மாக்களில் பலர் இந்த மூன்று வருடத்தில் வீடு மாறியிருக்கிறார்கள். வேலை போய் அக்கா வீட்டில் தங்கியவர்கள், வாடகை ஏறி வேறு ஊருக்குப் போனவர்கள். நமக்குப் புது ஃபோன் நம்பர் கொடுத்திருப்பார்கள், ஆனால் நியூஜெர்சி ஃபேமிலிகேரில் (நம் மாநில மெடிகெய்ட்) பழைய முகவரியே இருக்கும்.

கிளினிக்கின் பங்கு இங்கேதான் பெரியது. கவுண்டி அலுவலகத்திலிருந்து வரும் கடிதத்தைத் திறக்காதவர்கள்கூட பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் நம்மிடம் வருகிறார்கள். அதனால் செக்-இன் செய்யும்போது இன்ஷூரன்ஸ் கார்டை வாங்கியவுடன், "வீடு மாறினீர்களா? ஃபேமிலிகேரில் சொன்னீர்களா?" என்று ஒவ்வொருவரிடமும் கேட்கச் சொல்லியிருக்கிறோம். மாறியிருந்தால் அங்கேயே காத்திருப்பு அறையில் உட்கார வைத்து ஃபோன் போட்டுக் கொடுக்கிறோம். வீட்டுக்குப் போய்ச் செய்கிறேன் என்பவர்கள் செய்வதில்லை, பாவம், அவர்களுக்கு இரண்டு வேலை.

பெற்றோரிடம் கட்டாயம் சொல்ல வேண்டிய இன்னொன்று உண்டு. நம் மாநிலத்தில் பெரியவர்களுக்கு வருமான வரம்பு வறுமைக்கோட்டில் 138 சதவீதம், குழந்தைகளுக்கு 355 சதவீதம். அப்பாவுக்குத் தகுதியில்லை என்று கடிதம் வந்தால், பிள்ளைகளுக்கும் போயிற்று என்று நினைத்து மொத்தப் பாரத்தையும் தூக்கிப் போட்டுவிடுகிறார்கள். அப்பாவுக்குப் போனாலும் பிள்ளைக்குத் தொடரும் வாய்ப்பு மிக அதிகம். இந்த ஜனவரி முதல் 19 வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்குக் குடியேற்ற நிலையைப் பார்க்காமலே தருகிறார்கள், வருமானம் மட்டும் பொருந்தினால் போதும். பயந்துகொண்டு பாரம் போடாத குடும்பங்களுக்கு இதை மெதுவாக, தனியாகச் சொல்லுங்கள்.

நீக்கப்பட்டுவிட்டால்கூட கதை முடிவதில்லை. பாரம் அனுப்பாததால் நீக்கினால், 90 நாளுக்குள் அனுப்பினால் புது விண்ணப்பம் இல்லாமலே மறுபடி பார்க்க வேண்டும், குழந்தைகளுக்கும் பெரும்பாலான பெரியவர்களுக்கும் இது பொருந்தும். உண்மையிலேயே தகுதி போனவர்களுக்கு கெட்கவர்டு நியூஜெர்சியில் (மாநில இன்ஷூரன்ஸ் சந்தை) சிறப்புச் சேர்க்கை இருக்கிறது. வேலையிடத்தில் இன்ஷூரன்ஸ் இருந்தால் கவரேஜ் போனதிலிருந்து 60 நாளுக்குள் கேட்க வேண்டும், அதைத் தவறவிட்டால் அடுத்த சேர்க்கைக் காலம் வரை இழுக்கும்.

பில்லிங் பக்கமும் ஒரு வேலை உண்டு. அப்பாயின்ட்மென்ட்டுக்கு இரண்டு நாள் முன்பு எலிஜிபிலிட்டி (கவரேஜ் இருக்கிறதா என்று) பார்ப்பது இனி போதாது. கவரேஜ் பெரும்பாலும் மாதக் கடைசியில் முடியும். 30-ம் தேதி பார்த்தால் ஆக்டிவ், 1-ம் தேதி ஆஸ்துமாவோடு வரும் பிள்ளைக்கு ஒன்றும் இருக்காது. அன்றன்று காலையில் பாருங்கள். இல்லை என்று வந்தால் திருப்பி அனுப்பாதீர்கள், முதலில் நம்மில் ஒருவர் அந்த அம்மாவோடு உட்கார்ந்து ஏன் போனது என்று கண்டுபிடிக்க வேண்டும். இன்ஹேலரும் இன்சுலினும் பாரத்துக்காகக் காத்திருக்காது. உங்கள் மெடிகெய்ட் பிளான்களின் ப்ரொவைடர் ரெப்பைக் (கிளினிக்குகளோடு பேசும் பிரதிநிதி) கூப்பிட்டு, உங்கள் நோயாளிகளில் யாருக்கு எந்த மாதம் ரெனீவல் என்று பட்டியல் தர முடியுமா என்று கேளுங்கள். தந்தால் அதை வைத்து நீங்களே முன்கூட்டி ஃபோன் செய்யலாம்.

தேன்மொழி – 14 ஏப்ரல் 2023

உஷா அக்கா, உங்கள் பதிலை அச்செடுத்து எங்கள் ஃப்ரண்ட் டெஸ்க்கில் படிக்கக் கொடுத்தேன். எங்களிடம் மெடிகெய்ட் நோயாளிகள் குறைவு என்பதால் இதுவரை பட்டியலில் கடைசியில் இருந்தது. இப்போது முதலில் வந்துவிட்டது. ஸ்பானிஷ் பேசும் எங்கள் மெடிக்கல் அசிஸ்டென்ட் தானே முன்வந்து மாலை நேரத்தில் ஃபோன் செய்கிறேன் என்கிறார், அதற்கு ஓவர்டைம் கொடுக்க டாக்டர் ஒத்துக்கொண்டார்.

பங்குப் பணக் கடிதத்தைப் பெரிய டாக்டர் தானே எழுதப் போகிறாராம். கட்ட முடியாதவர்கள் தயங்காமல் பேச வேண்டும் என்பதால் தன் பெயரில்தான் போக வேண்டும் என்கிறார். அது விளம்பரம் மாதிரி ஆகிவிடாதபடி வக்கீல் ஒருமுறை பார்த்துவிடுவார்.

மாஸ்க் விஷயமும் பேசினோம். கலிஃபோர்னியா, ஆரிகன், வாஷிங்டனில் ஏப்ரல் 3 அன்று மருத்துவ இடங்களில் கட்டாயத்தை எடுத்துவிட்டார்கள். இங்கே விதி என்னவானாலும், புற்றுநோய் சிகிச்சையில் இருப்பவர்கள் வருவதால் இருமலோடு வருகிறவர்களுக்கும் அவர்களைப் பார்க்கும் ஸ்டாஃபுக்கும் மாஸ்க் தொடரும் என்று முடிவு செய்திருக்கிறோம்.

மாலதி (டல்லஸ்) – 10 மே 2023

இந்த இழையை இப்போதுதான் பார்த்தேன். மனநல கிளினிக் வைத்திருப்பவர்களுக்காக எழுதுகிறேன்.

ஏடிஎச்டி (கவனக் குறைபாடு) மருந்து, புப்ரெனார்ஃபின் (ஓபியாய்டு போதைப் பழக்கத்துக்கான மருந்து) போன்ற கட்டுப்பாட்டு மருந்துகளை நேரில் ஒருமுறைகூடப் பார்க்காமல் டெலிஹெல்த்தில் எழுத முடிந்ததும் அவசரநிலையால்தான். 2008-ன் ரயன் ஹைட் சட்டப்படி ஒருமுறையாவது நேரில் பார்த்திருக்க வேண்டும். டிஇஏ (மத்திய போதைமருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு) மார்ச்சில் வெளியிட்ட வரைவு விதிகளுக்கு 38,000-க்கும் மேல் கருத்துகள் போயின. நேற்று தற்காலிக விதி வந்துவிட்டது. எல்லாத் தளர்வும் 2023 நவம்பர் 11 வரை அப்படியே இருக்கும். அதற்குள் டெலிஹெல்த்தில் உறவு ஏற்பட்ட நோயாளிகளுக்கு 2024 நவம்பர் 11 வரை தொடரலாம்.

இதைக் கேட்டதும் நேரில் வரச்சொல்லி வாங்கிய அப்பாயின்ட்மென்ட்டுகளை ரத்து செய்துவிடாதீர்கள். நாங்கள் ஒன்றைக்கூட ரத்து செய்யவில்லை. புப்ரெனார்ஃபின் எடுக்கும் ஒருவருக்கு மருந்து சில நாள் தடைப்பட்டாலே உயிருக்கு ஆபத்து. அடுத்த விதி எப்படி வந்தாலும் அவர் பெயருக்கு எதிரே ஒரு நேரடி விசிட் பதிவாகியிருப்பது நல்லது. தூரத்தில் இருப்பவர்களை முதலில் அழையுங்கள், அவர்களுக்குத்தான் ஏற்பாடு செய்ய நேரம் பிடிக்கும்.

தேன்மொழி – 12 மே 2023

நன்றி மாலதி, எங்கள் சின்ன டாக்டரிடம் இப்படி இரண்டு நோயாளிகள் இருக்கிறார்கள், இருவரையும் நேரில் அழைத்திருக்கிறோம்.

குமரன் தம்பி, ஒரே ஒரு சந்தேகம். இந்த வாரத் தொடக்கத்தில் டெஸ்ட்டுக்காக வந்தவர்களின் க்ளெய்ம் இன்னும் போகவில்லை. இப்போது அனுப்பும்போது சிஎஸ் போடலாமா?

கோடிங்_குமரன் – 12 மே 2023

போடலாம் அக்கா. விசிட் நடந்த தேதிதான் கணக்கு, அனுப்பும் தேதி இல்லை. மே 11 வரை பார்த்தவர்களுக்கு சிஎஸ் உண்டு, இன்று முதல் பார்ப்பவர்களுக்குக் கிடையாது. உங்கள் ஈஎச்ஆர் டெம்ப்ளேட்டில் அது தானாக ஏறும்படி வைத்திருந்தால் இன்றே எடுத்துவிடுங்கள். பழைய க்ளெய்ம்களில் மட்டும் கையால் போடுங்கள். டினை ஆகி வந்தால் இங்கே எழுதுங்கள், பார்க்கிறேன்.